கோணி என்கிற சாதாப் பூனை

தம்பி நல்ல மனதோடுதான் செய்தான். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. கெட்ட மனதோடு செய்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் படுத்திருக்கலாம்.

அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் சொன்னான்.

"அக்கா, உன் டேப்லெட் மதியத்துலேர்ந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. கூடை நிறைஞ்சு போச்சாம். நானே சுத்தம் பண்ணி வச்சுட்டேன்."

"என்ன சுத்தம்?"

"அந்தச் சாம்பல், சாக்குக் கலர்ப் பூனைங்கதான். எல்லாம் ஒரே மாதிரி, அழுக்குத் துணி கணக்கா. வெளிய விட்டுட்டேன். அழகா இருக்கறத எல்லாம் அப்படியே வச்சிருக்கேன், பயப்படாத."

கைப்பை தோளில் தொங்கத் தொங்க அவள் டேப்லெட்டை எடுத்துப் பார்த்தாள். வெள்ளைப் பூனை இருந்தது. ஆரஞ்சு வரிப்பூனை இருந்தது. நீலக்கண் இருந்தது. பளபளவென்று கறுப்புக் குட்டி இருந்தது. சாம்பல் கடுவன் இல்லை. கோணி இல்லை.

டேப்லெட்டில் அவள் ஆடும் அந்தப் பூனை விளையாட்டில் வெளியே விட்ட பூனை திரும்பி வராது. விடுவதற்கு முன் ஒரு முறை கேட்கும், 'நிச்சயமா?' என்று. தம்பி நிச்சயமாகத்தான் இருந்திருக்கிறான். வாழ்க்கையில் அவன் எதிலும் நிச்சயமில்லாமல் இருந்ததே இல்லை.

அவள் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்பார்கள். செருப்புக் கடைக்கு அடியில், படியிறங்கிப் போனால், பொய்ப்பல் செய்யும் கூடம். பல் மருத்துவர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகிய பிறகு மெழுகு வைத்து, மெழுகில் பல் பதித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நிறம் பார்ப்பது அவள் வேலை. எல்லோரும் வெள்ளை கேட்பார்கள். வெள்ளை வைத்தால் சிரித்ததும் தெரிந்துவிடும், வாங்கின பல் என்று. கொஞ்சம் மஞ்சள், கழுத்தருகே கொஞ்சம் பழுப்பு, நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். இவ்வளவும் சேர்ந்தால்தான் அது யார் கண்ணிலும் படாத பல். கண்ணில் படாததற்கு யார் நன்றி சொல்வார்கள்? வாசலில் கண்ணாடிப் பெட்டியில் முதலாளி வைத்திருப்பது பாத்திரம் தேய்த்த மாதிரி மின்னுகிற ஒரு முழு வரிசை. அவளுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பிளாஸ்டர் இறுகும்வரை ஒன்றும் செய்ய முடியாது. மற்றவர்கள் அந்த நேரத்தில் ஊர்க்கதை பேசினார்கள். அவள் பூனை வளர்த்தாள்.

வளர்ப்பது என்றால் திரையில்தான். ஆணும் பெண்ணும் சேர்த்து வைத்தால் குட்டி போடும். அது சின்னப் பிள்ளைகளும் செய்வது. அவளைப் பிடித்து வைத்தது வேறு விஷயம். ஒவ்வொரு பூனைக்குள்ளும் ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு சீட்டு இருக்கிறது. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. சில குணங்கள் ஒரே சீட்டு இருந்தாலும் முகத்தில் வந்துவிடும். சிலது அப்படியில்லை. இரண்டு சீட்டும் அதுவாகவே இருந்தால்தான் வெளியே தெரியும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் பூனை அதைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே சாதாவாக, தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டு போகும்.

கோணி அப்படிப்பட்ட சாதா. கோணிப்பை நிறம், அதனால் அந்தப் பெயர். அதையும் சாம்பல் கடுவனையும் சேர்த்தபோது நாலு குட்டி வந்தது. மூன்று பெண், அம்மா மாதிரியே சாக்கு நிறம். ஒன்று ஆண், கறுப்பு. உட்கார்ந்திருந்தால் வெறும் கறுப்பு. அது எழுந்து நடந்தபோது அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு முடியும் வேர்ப்பக்கம் வெள்ளை, நுனி மட்டும் கறுப்பு. நடக்க நடக்க உள்ளிருந்து வெள்ளை தெரிந்து தெரிந்து மறைந்தது. அந்த விளையாட்டில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அந்த விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு ஒரு குழு இருந்தது. விடுமுறை நாள் மதியம் எல்லோரும் போனில் கூடிப் பேசுவார்கள். அதை நடத்துகிறவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. முகப்படத்துக்குப் பதில் தராசுப் படம் வைத்திருந்தார், பேச்சும் தீர்ப்பு மாதிரியே இருக்கும். நீதிபதி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள், அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. புதிதாக ஒரு குணத்தைக் கொண்டுவந்தவர் அதற்குப் பெயர் வைக்கலாம், ஆனால் அதே தாய் தகப்பனுக்கு அது இரண்டாம் முறையும் வர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வைத்த பெயரை அவர் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னால்தான் பதிவாகும்.

"இது கறுப்புப் பூனைம்மா," என்றார் படத்தைப் பார்த்துவிட்டு.

"நடக்கும்போது பாருங்க சார்."

பார்த்தார். "படம் சரியா ஏறல. கம்பெனிக்காரன் பண்ண கோளாறு. இன்னொரு தடவை வரட்டும், பேசலாம்."

கோணிக்கு இன்னும் ஒரு ஈற்றுக்குத்தான் வயது மிச்சமிருந்தது. அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். வரப்போகும் குட்டிகளுக்குக் கூடையில் இடம் இல்லை என்று டேப்லெட் கத்தியதும் அதற்காகத்தான். அன்று டேப்லெட்டை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். வந்ததும் வெள்ளையையும் நீலக்கண்ணையும் விட்டுவிட்டு இடம் பண்ணுவதாக இருந்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் தம்பியிடம்.

"எதுக்குக் கேக்கணும்? பூனைதானேக்கா. அதுவும் பொம்மைப் பூனை."

"என்னோட பூனை."

"சரி, இன்னொண்ணு வாங்கிக்க. சாம்பல் பூனைக்கா பஞ்சம்?"

தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "விடுங்க அண்ணி. உங்களுக்குப் பொழுது போகணும், அவ்வளவுதானே? வேற கேம் போட்டுத் தரச் சொல்றேன்."

பொழுது போகணும். அந்த வீட்டில் அவளுடைய பொழுது புறம்போக்கு நிலம் மாதிரி. யார் வேண்டுமானாலும் மாட்டைக் கட்டலாம். பால் வாங்க ஒரு ஆள் வேண்டும் என்றால் அக்கா சும்மாதானே இருக்கிறாள். மருத்துவமனையில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்றால் அக்கா சும்மாதானே இருக்கிறாள். அவள் எதற்கும் முகம் சுளித்ததில்லை. அதனால் அவளுக்குள் கோபம் என்று ஒன்று இல்லை என்றே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. தம்பி அதை வயிறு சரியில்லை என்று எடுத்துக்கொண்டான்.

விடுமுறை நாள் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள்.

"ஐயோ பாவம்," என்றார் நீதிபதி. "அப்ப அது முடிஞ்சு போச்சு. அடுத்த விஷயத்துக்கு வருவோம்."

"முடியல சார். அந்த ஈத்துல மூணு பொட்டைக்குட்டி இருந்துச்சு. நான்தான் குடுத்தேன், ஒண்ணு உங்களுக்கே குடுத்தேன். அதுங்களுக்குள்ள அந்தச் சீட்டு இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. என் கறுப்போட சேத்தா வெளிய வந்துரும்."

"எனக்குக் குடுத்தியா? எப்ப?"

"சாக்குக் கலர்ல."

போனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதியும் சிரித்தார். "சாதாவை எவன்மா வச்சிருப்பான்? அன்னிக்கே விட்டிருப்பேன்."

இன்னொரு குட்டியை வாங்கியவளும் விட்டுவிட்டதாகச் சொன்னாள். அவள் குரலில் கொஞ்சமாவது வருத்தம் இருந்தது.

"பாத்தா தெரியலன்னா உள்ள இல்லன்னு அர்த்தமா?" என்று பல்லக்கா கேட்டாள். அவளுடைய குரல் அவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. "எதுக்கு சார் இந்த விளையாட்டு ஆடறீங்க? ஒளிஞ்சிருக்கறதைக் கொண்டு வரத்தானே? ஒளிஞ்சிருக்கறது எல்லாம் எங்க ஒளிஞ்சிருக்கும்? வெள்ளைப் பூனைக்குள்ளயா? சாதாவுக்குள்ளதான் இருக்கும். அத்தனையையும் பெருக்கித் தள்ளிட்டு, புதுசா ஒண்ணும் வரலையேன்னு மாசா மாசம் கூடி ஒப்பாரி வைக்கறீங்க."

"சரிம்மா, கோவப்படாத," என்றார் நீதிபதி, சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் நீட்டுகிற குரலில். "அதே தாய் தகப்பன்தான்னு வேணாம். அதே ரத்தத்துல வந்தாலும் ஒத்துக்கறேன். போதுமா? ஆனா அந்த ரத்தம் இப்ப யார்கிட்ட இருக்கு?"

யாரிடமும் இல்லை என்று தெரிந்துதான் அவ்வளவு தாராளமாகக் கொடுத்தார்.

மூன்றாவது குட்டியை அவள் பெட்டிக்காரருக்குக் கொடுத்திருந்தாள். செய்து முடித்த பற்களைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டு மருத்துவர்களுக்குக் கொண்டுபோகிறவர். அவள் விளையாடுவதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சேர்ந்தவர். குழுவில் இல்லை. விளையாடவும் வராது. எதை எதோடு சேர்ப்பது என்று ஒரு கணக்கும் இல்லாமல் கண்டதையும் வாங்கிப் போட்டுக்கொள்வார். இத்தனை நாளில் சலித்துப்போய் விட்டிருப்பார் என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் மறுநாள் அவர் படியிறங்கி வந்தபோது கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு குட்டி குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"யாரு, மூட்டையா?" அவர் முகம் மலர்ந்தது. "இருக்கே. ரெண்டு வேளையும் மீன் போடறேன். நல்லாத் தின்னும்."

"நீங்க அதை விடலையா?"

"எங்க விடறது? நானா? என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? 'நிச்சயமா'ன்னு வேற கேக்குது. வீட்டை விட்டு ஒருத்தரை அனுப்பறதுக்கு எப்படி நிச்சயமான்னு சொல்றது?"

அவர் போனை வாங்கிப் பார்த்தாள். கூடைகளில் விரல் நுழைய இடமில்லை. அத்தனையும் சாதா. சாம்பல், பழுப்பு, அழுக்கு மஞ்சள். நடுவில் மூட்டை, வயிறு தெரிய மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. கோணியின் அதே அசட்டு முகம். பல்லக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"என் கறுப்போட சேக்கணும்ணே."

"அண்ணன் தங்கச்சி இல்லையாம்மா அது?" பெட்டிக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பூனைண்ணே. அதுவும் கண்ணாடிக்குள்ள இருக்கற பூனை."

"இருந்தாலும்." கொஞ்சம் யோசித்தார். "சரி, நீ சொன்னா சரி. ஆனா இங்க குட்டி போட இடமில்லையே. யாரையும் போகச் சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"போடற குட்டியெல்லாம் எனக்கு அனுப்பிருங்க. என் கூடை காலியாத்தான் கிடக்கு."

முதல் ஈற்றில் மூன்று குட்டி. மூன்றும் சாக்கு நிறம். பெட்டிக்காரர் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. மூட்டைக்குள் சீட்டு இல்லாமலே இருக்கலாம். அப்படியானால் மூட்டை எத்தனை ஈற்று போட்டாலும் இப்படித்தான் வரும். அந்த வாரம் அவள் பதித்த ஒரு பல்வரிசை கோணலாகப் போய்த் திரும்பி வந்தது. அவள் கையில் அப்படி நடந்ததில்லை.

இரண்டாம் ஈற்று வந்தபோது பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது. பெட்டிக்காரர் படியில் நின்றபடியே போனை நீட்டினார். இரண்டு சாக்கு நிறம், இரண்டு கறுப்பு.

"நடக்க விடுங்கண்ணே."

நடக்க விட்டார். இரண்டு கறுப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போயின. உள்ளிருந்து வெள்ளை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.

"அடேயப்பா," என்றார் பெட்டிக்காரர். "மூட்டை வயித்துலயா இது இருந்துச்சு?"

வீட்டில் தம்பி பார்த்துவிட்டு முதுகில் தட்டினான். "பாத்தியாக்கா? நான் அன்னிக்குக் கூடையைக் காலி பண்ணி வச்சதாலதானே இவ்வளவும் வர இடம் இருந்துச்சு? அன்னிக்கு என்னமோ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே என் பொருள் மேல உன் கை பட்டா, இந்த வீட்டுல அக்கான்னு ஒருத்தி சும்மா இருக்க மாட்டா. பால் நீயே போய் வாங்கு. ஆஸ்பத்திரியில நீயே போய் உக்காரு."

"என்னக்கா, ஒரு பூனைக்காக..."

"ஆமா. ஒரு பூனைக்காகத்தான்."

தம்பி மனைவி சமையலறைக்குள்ளேயே நின்றுகொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் பூனைகள் நடப்பதை எல்லோரும் பார்த்தார்கள். யாரோ திரும்பப் போடச் சொன்னார்கள். பிறகு இன்னொரு முறை. படம் சரியாக ஏறவில்லை என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொன்ன சொல் சொன்னதுதான். பேரு வைம்மா. நல்ல பேரா வை. வெள்ளி மின்னல், அப்படி ஏதாவது."

"கோணி."

"என்னது?"

"கோணி சார். இந்தக் குணத்துக்குப் பேரு கோணி."

"இவ்வளவு அழகான பூனைக்குக் கோணின்னா பேரு வைப்பாங்க?"

"அது வயித்துலேர்ந்துதான் வந்துச்சு. உங்க சட்டப்படி பேரு வைக்கறது நான்தானே? பதிவு பண்ணணும்னா வாய்விட்டுச் சொல்லணுமே, சொல்லுங்க."

நீதிபதி சொன்னார். சொல்லும்போது பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது.

கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார். குரலில் தராசு இல்லை. "எனக்கும் ஒரு கோணி அனுப்பி வைம்மா. ரெண்டு இருக்குல்ல."

"அனுப்பறேன் சார்."

முதல் ஈற்றில் வந்த சாக்கு நிறக் குட்டிகளில் ஒன்றை அனுப்பினாள். அப்பன் கறுப்பு என்பதால் அதற்குள் ஒரு சீட்டு இருந்தே தீரும். அதில் வாய்ப்பு, அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை.

"இது சாதா," என்று உடனே பதில் வந்தது.

"உள்ள இருக்கு. வச்சிருந்து வெளிய கொண்டு வாங்க," என்று எழுதினாள்.

அவருடைய கூடைகள் குழுவில் எல்லோரும் பார்க்கிற மாதிரித் திறந்தே இருக்கும். அத்தனையும் பெயர்போன பூனைகள், ஒரு இடம் காலியில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தாள். அதுவரை பச்சைக்கண் வெள்ளைப் பூனை உட்கார்ந்திருந்த கூடையில் சாக்கு நிறத்தில் ஒன்று சுருண்டு படுத்திருந்தது.