கூட்டு ரோட்டில் நிற்காத பஸ்

என் அம்மாவின் வேலையைப் பறித்தவர் என் மாமாதான். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். மேடையில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமாம். எங்கள் வீட்டின் சார்பில் நான் பேச வேண்டும் என்கிறார்கள். “உங்கள உப்பளத்துல இருந்து டவுனுக்கு இட்டாந்து கரை சேத்தது அவருதானே, அதச் சொல்லும்மா” என்று அத்தை போனில் எடுத்தும் கொடுத்தாள்.

சொல்கிறேன். முழுசாகச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. மரக்காணத்தில் இருந்தோம். அப்பாவுக்கு உப்பள வேலை. மழை தொடங்கினால் பாத்தியில் தண்ணீர் நிற்கும், அப்பா வீட்டில் நிற்பார். அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அம்மாவின் சம்பளத்தில். ஆரோவில் பக்கம், இரும்பைக்குப் போகும் வழியில் ஒரு தையல் யூனிட். அங்கே துணிப்பை தைத்தாள். காலையில் ஈ.சி.ஆர். பஸ் பிடித்து ஆரோவில் திருப்பத்தில் இறங்கினால் யூனிட் வேன் காத்திருக்கும். அந்த வருஷம்தான் அவளைத் தையலிலிருந்து செக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். மற்றவர்கள் தைத்ததை அவள் பார்த்துச் சரி என்றால்தான் பை வெளியே போகும். ஒரு சின்னக் கத்தரிக்கோலை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பாள். அதோடேயே வீட்டுக்கு வருவாள். கேட்டால், கழற்ற மறந்துவிட்டேன் என்பாள். தினமும் மறந்தாள்.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. திண்டிவனம் தாண்டி சென்னை ரோட்டில் ஒரு கம்பெனி. கம்பெனி பஸ் விடிகாலையில் திண்டிவனத்தில் ஆள் ஏற்றும். மரக்காணத்திலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற மாட்டார்கள். அதற்குள் எந்த ஊருக்குப் போவது என்று முடிவாக வேண்டும்.

முடிவு செய்ய மாமா வந்தார். அவர் உப்பு லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பவர். அளத்துச் சாலையில் அவர் கையைத் தூக்கினால் எந்த லாரியும் நிற்கும். பிறந்ததிலிருந்து பஸ் டிக்கெட் என்று ஒன்றை அவர் எடுத்ததாக யாரும் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவர்தான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, வறுத்த நெத்திலியைத் தின்றுகொண்டே, யார் எப்படி வேலைக்குப் போவது என்று தீர்மானித்தார்.

அம்மா ஒரே ஒரு யோசனை சொன்னாள். “கிளியனூர்ல பாக்கலாமாண்ணா? நடுவுல இருக்குது. அவரு இந்தாண்ட போவாரு, நான் அந்தாண்ட போவேன்.”

மாமா சிரித்தார். “ஏம்மா, ஒரு கிராமத்துல இருந்து கெளம்பி இன்னொரு கிராமத்துக்கா போவாங்க? நாலு பேரு சிரிப்பான். திண்டிவனம் வாங்க. அங்கருந்து பாண்டி பஸ்ஸு அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு போவுது. உனுக்கு இன்னா கஷ்டம்?”

“அதெல்லாம் இரும்ப கூட்டு ரோட்ல நிக்குமாண்ணா?” பாண்டி ரோட்டிலிருந்து யூனிட்டுக்குப் பிரியும் இடம் அது.

“கை காட்டுனா நிக்குது.”

அப்பா நெத்திலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் எல்லாம் நியாயமாக நடந்தது என்று பேர் வேண்டுமே. மாமா ஒரு சோதனை வைத்தார். அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து கூட்டு ரோட்டுக்குப் போய்ப் பார்த்தார். எதில் தெரியுமா? உப்பு லாரியில். திண்டிவனத்தில் மூட்டையை இறக்கிவிட்டு, காலி லாரி பாண்டியில் ஒர்க் ஷாப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் என்னை எஞ்சின் மேல் உட்கார வைத்தார். சூடு பொறுக்காமல் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு ஒரே குஷி. லாரி எங்கும் நிற்கவில்லை. நேராகக் கூட்டு ரோட்டில் போய் நின்றது. மாமா வாட்சைப் பார்த்தார். “முக்கா மணி நேரம்! இதுக்குப் போயி பேசிக்கினு இருந்தாளே!” என்றார். வீட்டுக்கு வந்து அதையே எல்லோரிடமும் சொன்னார். அம்மாவின் வேலைக்கான பயணத்தை மூன்று பேர் போய்ச் சோதித்தோம். அம்மா அதில் இல்லை.

அடுத்த வாரம் அம்மா லீவு போட்டாள். இரும்பை கோயிலில் ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். விடியவே இல்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஏறினாள். எனக்கே வழி தெரியும். “ஈ.சி.ஆர்.ல போனா கிட்டமா, எதுக்கு இப்படிச் சுத்திக்கினு போறோம்?” என்று கேட்டேன்.

“இந்தப் பக்கமாப் போனாத்தான் வேண்டுதல் பலிக்கும்” என்றாள்.

நம்பினேன். சாமிக்கு அப்படி ஒரு விருப்பம் இருக்கலாம் என்று நினைத்தேன்.

திண்டிவனத்தில் பாண்டி பஸ்கள் மாமா சொன்ன மாதிரியே வந்தன. ஏறினோம். கண்டக்டர் கேட்டார். அம்மா கூட்டு ரோடு என்றாள். “இது எக்ஸ்பிரஸ்மா, அங்க நிக்காது. எறங்கு எறங்கு.” இறங்கினோம். அடுத்ததிலும் அதே கதை. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர், “பாண்டிக்கு டிக்கெட் எடு, அங்க எறங்கித் திரும்பி வா” என்று வழி சொன்னார். கடைசியில் எல்லா ஊரிலும் நிற்கிற சாதா பஸ் ஒன்று வந்தது. அதில் நின்றுகொண்டே போனோம். ஒவ்வொரு இடத்திலும் அம்மா பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டாள். யார் போன் பண்ணப்போகிறார்கள் என்று கேட்டேன்.

“சாமி” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

கூட்டு ரோட்டில் இறங்கி வெயிலில் நடந்தோம். யூனிட் கேட் வந்ததும் நின்றாள். உள்ளே தையல் மெஷின் சத்தம் எப்போதோ தொடங்கியிருந்தது. மறுபடியும் போனைப் பார்த்தாள். பிறகு கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு முடிக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் உடனே கிளம்பவில்லை. கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மரத்தடியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். யூனிட் விட்டுப் பெண்கள் வெளியே வந்த பிறகுதான் அம்மா எழுந்தாள்.

திரும்பும்போது கூட்டு ரோட்டில் அம்மா கை காட்டினாள். பஸ் காற்றடித்துக்கொண்டு போயிற்று. இன்னொன்றுக்குக் காட்டினாள். அதுவும் போயிற்று. நான் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். ஜன்னலில் இருந்த ஒரு குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. வீடு வந்து சேர்ந்தபோது நான் பசியில் அழுதுகொண்டிருந்தேன்.

மாமா வந்திருந்தார். மறுநாள் திண்டிவனம் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தது.

“பஸ்ஸு நிக்கலண்ணா” என்றாள் அம்மா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கை காட்டுனியா?”

“காட்டுனேன்.”

“ஒழுங்காக் காட்டியிருக்க மாட்ட” என்று சொல்லிவிட்டு மாமா அப்பா பக்கம் திரும்பினார். “இன்னா மாப்ள, நாம முக்கா மணியில போனமா இல்லியா?”

அப்பா, “போனோம் மச்சான்” என்றார். லாரியில் போனோம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை.

ஆனி முடிவதற்குள் குடி போனோம். புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் எடுத்துப் போவது வழக்கம். எங்கள் பாத்தி உப்பையே அம்மா மரக்காலில் கொண்டுவந்து வைத்தாள். பால் பொங்கியது. மாமா முதல் டம்ளரைக் குடித்தார்.

அம்மா கொஞ்ச நாள் போய்ப் பார்த்தாள். தினமும் லேட். முதலில் சம்பளத்தில் பிடித்தார்கள். பிறகு செக்கிங்கிலிருந்து மறுபடியும் மெஷினுக்கு மாற்றினார்கள். பிறகு, நேரத்துக்கு வர முடிந்தால் வா என்றார்கள். நின்றுவிட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டாள் என்று மாமா ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார். அதே வருஷம் அவர் மகன் திண்டிவனத்தில் காலேஜ் சேர்ந்தான். ஹாஸ்டல் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று படிப்பு முடியும்வரை எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். நல்ல பையன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சின்னக் கத்தரிக்கோல் சமையலறை ஆணியில் தொங்கியது. பால் பாக்கெட் வெட்டத்தான் அதற்குப் பிறகு பயன்பட்டது.

நான் கொஞ்ச காலம் அம்மாவை நச்சரித்திருக்கிறேன். “வேண்டுதல் எப்பம்மா பலிக்கும்?” என்று கேட்பேன். “பாக்கலாம்” என்பாள். சாமிக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் நானும் என் கணவரும் வீடு தேடினோம். இருவருக்கும் வேறு வேறு திசையில் ஆபீஸ். கூடுவாஞ்சேரியா செங்கல்பட்டா என்று குழப்பம். ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, ஆபீஸ் நேரத்தில் நானே போய்ப் பார்த்தேன். ஸ்டேஷனில் ஒரு தடவை, ரயில் ஏறும்போது ஒரு தடவை, ஆபீஸ் கேட்டில் ஒரு தடவை போனை எடுத்து மணி பார்த்தேன். கேட்டில் பார்த்தபோது, அம்மாவின் பை ஞாபகம் வந்தது. அன்றைக்கு எந்த வேண்டுதலும் இல்லை. வீட்டில் ஒருத்தரும் அவளுக்காக அளக்காத தூரத்தை அவளே ஒரு நாள் முழுக்க அளந்திருக்கிறாள். கோயிலுக்கு என்று சொன்னால்தான் அனுப்புவார்கள் என்பதால் சாமியைத் துணைக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே மாமா, மண்டபத்தில் நான் பேச வருகிறேன். பேச்சு நீளமாக இருக்காது. ஒரே கேள்வி. அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள், அப்பாவும் இருப்பார். மாலையைக் கழற்ற வேண்டாம், மைக்கை மட்டும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கை காட்டினால் கூட்டு ரோட்டில் நிற்கும் என்றீர்களே, எந்த பஸ் நிற்கும்? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.