ஆண்டவருக்கு ஒரு பிடி

காஜா பேராங் என்ற ஊரில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா, அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும், ஏழைகளுக்காக. ஜப்பான்காரன் வந்த பிறகு அந்த ஏழைகள் நாங்களே ஆனோம். அப்படியும் ரேஷனில் கிடைத்த கொஞ்சத்திலும் ஆண்டவரின் பிடி தனியாகப் போனது. எனக்கு ஆண்டவர் மேல் கோபம் கோபமாக வரும். அவருக்கென்ன, பசிக்கவா போகிறது?

பிறகு ரேஷன் அரிசியும் நின்றது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். கைக்குழந்தையான தம்பிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கில் துவண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அரிசிக் கஞ்சி கொடுத்தால் பிழைப்பான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அம்மா டின்னைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு வண்டுதான் விழுந்தது.

அப்பா கோயில்பிள்ளை. பெருக்குவது, மணியடிப்பது, பூட்டுவது எல்லாம் அவர்தான். ஒரு மத்தியானம் எங்கள் சபையைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கப் பாடுகிறவர். கிளேபாங் கடற்கரையில் அவருக்குக் கள்ள அரிசி இறங்கியிருந்தது. விலை ஏறும்வரை பதுக்க, கோயில் பீடத்துக்குப் பின்னாலிருந்த அறை வேண்டும்.

"ஜப்பான்காரன் அங்க தேட மாட்டான். ஒரு மூட்ட ஒங்களுக்கு. சண்ட முடியட்டும், கடையில பங்கும் தர்றேன்" என்றார்.

பணக்காரன் பரலோகத்தில் நுழைவதைவிட ஊசிக்காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தவள் நான். இந்த மனிதர் மூட்டைகளோடு நுழையப் பார்த்தார்.

"நம்ம சபைச் சனங்களே பட்டினி கெடக்குது. வெல ஏத்தி விக்கிறதுக்கா கோயிலு?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா தம்பியைப் பார்த்தார். கோயில் சாவியை எடுத்துக்கொண்டு வியாபாரியோடு போனார். பசி வந்தால் பத்தும் பறக்குமாம். எங்கள் வீட்டில் பறப்பதற்கு அந்தச் சாவி ஒன்றுதான் இருந்தது.

மூட்டை வந்தது. உலை கொதித்தது. பழக்கத்தில் அம்மாவின் கை ஒரு பிடி அள்ளி, டின் பக்கம் போய் அப்படியே நின்றது.

"பானையில போடு" என்றார் அப்பா.

"இத ஆண்டவருக்குக் குடுக்கக் கை கூசுது. புள்ளைக்கு மட்டும் எப்படிங்க குடுப்பேன்?"

 அம்மா அழுதுகொண்டே அந்தப் பிடியையும் பானையில் போட்டாள். கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். கடைசிச் சொட்டுவரை குடித்த தம்பி, பல நாளைக்குப் பிறகு குரலெடுத்து, இன்னும் வேண்டுமென்று அழுதான்.

அம்மா மறுபடியும் மூட்டையைப் பிரித்தாள்.