கை தூக்கக் கை இல்லாத அங்கத்தவர்

குடியியல் எல்லாம் ஒரு பாடமா என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பாடம் இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் குசினி அடுப்படியில்தான் கிடந்திருப்பேன்.

நான் பெரியபிள்ளையான கையோடு அப்பா என் படிப்பை நிறுத்தினார். காரணம் கக்கூஸ். "ஒதுங்க ஒரு மறைப்பில்லாத பள்ளிக்கூடத்துக்குக் குமர்ப்பிள்ளையை அனுப்ப ஏலாது" என்றார். நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கக்கூசைக் கட்டவிடாமல் வைத்திருந்தவரே அவர்தான்!

திருகோணமலைக்கு வடக்கே எங்கள் ஊரில் அப்பா ஆள் வைத்துக் கரைவலை இழுப்பிக்கிற சம்மாட்டி; கிராமச் சங்க அங்கத்தவரும்கூட. பள்ளிக்கூடத்துப் பின்வளவில்தான் அவர் வலை காயப்போடுவார். கக்கூஸ் வரவிருந்ததும் அதே இடத்தில். சங்கத்து அங்கத்தவர் ஐந்து பேரில் ஒருவர் செத்துப்போனார், ஒருவர் மட்டக்களப்பில் மகளோடு போய் இருந்துவிட்டார். மூன்று பேராவது வராவிட்டால் கூட்டம் இல்லை. மிச்சம் இருந்ததே மூன்று பேர். ஆகவே அப்பா எதையும் எதிர்க்கவில்லை, போகாமல் இருந்தார். கூட்டம் என்றால் அன்றைக்குத்தான் அவருக்குக் கடலில் மீன் கொழிக்கும்.

பள்ளிக்கூடம் போகக் கூடாது. ஆனால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனை ஆம்பிளைகள் வலை இழுக்கிற இடத்துக்குத் தேத்தண்ணிக் கேத்தலோடு போகலாம். இது எந்த ஊர்ச் சட்டம்? கேட்டால் அம்மா அகப்பையைத் தூக்குவா.

அப்படிக் கேத்தலோடு நின்ற ஒரு காலையில் கடற்கரையால் ஓர் ஊர்வலம் வந்தது. முன்னால் குடை பிடித்தபடி சங்கத்தின் அக்கிராசனர், அடுத்து மற்ற அங்கத்தவரான கடை முதலாளி, பிறகு கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பியோன். கடைசியில் குடியியல் டீச்சரும் என் வகுப்பும். கிராமச் சங்கம் நடக்கிற விதத்தைக் காட்டவென்று டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறா. ஆள் குறைவு, கூட்டம் இல்லை என்றார்களாம். "அப்ப அங்கத்தவர் நிக்கிற இடத்தில கூட்டத்தை வைப்பம்" என்று டீச்சர் சொல்ல, பிள்ளைகளுக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அக்கிராசனருக்கு வெட்கமாகிவிட்டது. கக்கூசுக்கென்று அரசாங்கக் கச்சேரியால் வந்த காசும் அந்த மாதத்தோடு திரும்பிப் போக இருந்தது.

அக்கிராசனர் மணலில் கதிரையைப் போட்டு இருந்தார். கதிரை ஒரு பக்கம் புதைந்தது. சாய்ந்தபடியே கூட்டத்தைத் தொடங்கினார்.

"பெண்பிள்ளையளுக்குக் கக்கூஸ் கட்டுற தீர்மானம். ஆதரவான ஆக்கள் கை தூக்குங்கோ."

அவர் தூக்கினார். முதலாளி அப்பாவைப் பார்த்தார். "சம்மாட்டியார் தூக்கினால் நானும் தூக்குவன்."

அப்பா கயிற்றை விடவில்லை. "எனக்கு மனம் இருக்கு, கைதான் இல்லை. ரெண்டும் கயித்தில. விட்டால் வலை போயிரும், பாருங்கோ."

என்ன கெட்டித்தனம்!

"நாங்க தூக்கிறம் ஐயா!" என்று வலை இழுத்தவர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். கயிறு கடலுக்குள் ஓடியது. அதைத் தனியாகப் பிடித்திருந்த அப்பா இடுப்பளவு தண்ணீர் வரை இழுபட்டுப் போனார். அக்கிராசனரோ குடையால் சுட்டிச் சுட்டி கைகளை எண்ணத் தொடங்கியிருந்தார்.

"ஐயோ, அங்கத்தவர் மட்டும்தான் தூக்கலாம்! இதுக்குத்தானே குடியியல் படிப்பிக்கிறது!" டீச்சர் தலையில் அடித்துக்கொண்டா. பிறகு, "பிள்ளையள், ஓடிப்போய்க் கயித்தைப் பிடியுங்கோ!"

வகுப்பே ஓடியது. நானும் கேத்தலைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பாவுக்கு முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"அப்பா, நான் பிடிச்சிருக்கிறன். நீங்கள் விடுங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். கரையில் நின்ற அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு இப்போது இரண்டு கைகள் இருந்தன, இரண்டிலும் ஒன்றும் இல்லை. சுடுசட்டியைத் தொடப்போகிறவர் மாதிரி ஒன்றை மெல்லத் தூக்கினார். முதலாளியும் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

வலையில் மீன் அவ்வளவாக இல்லை. கயிறு பிடித்தவருக்குப் பங்கு கொடுப்பதுதான் கரைவலை வழக்கம் என்று டீச்சர் விடாமல் நின்று பிள்ளைகளுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தா. அக்கிராசனரும் தன் பங்குக்குக் குடையை விரித்து நீட்டினார்.

கக்கூஸ் திறப்புவிழாவுக்கு வாழை கட்டி, ரிபன் கட்டி, கதவுக்கு மாலையும் போட்டார்கள். "பெண் கல்விக்காக நான் கடலையே விட்டிட்டு வந்தனான்" என்று அப்பா பேசினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பேசி முடித்து ரிபனை வெட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உள்ளுக்குப் போய்த் தாழ்ப்பாள் சரியோ எண்டு பார்."

போனேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். வெளியே ஊரே கைதட்டியது. சுண்ணாம்பு மணக்கிற அந்தச் சின்ன இருட்டில் நின்று அழுதேன்.

"பூட்டுதோ?" அப்பாவின் குரல் கதவோடு ஒட்டிக் கேட்டது.

"ஓம் அப்பா, பூட்டுது."

வெளியிலிருந்து கதவை ஒருதரம் தள்ளிப் பார்த்தார்.

"அப்ப திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடு."