பச்சைக் கூடை, நீலக் கூடை, திறக்காத வாய்

குப்பை வாங்குற வேலைக்கு மூக்கு தாங்கினால் போதும்னு நினைச்சுதான் வந்தேன். வாயும் வேணும்னு யாரும் சொல்லலை. கடை கடையா ஏறி இறங்குறவங்களுக்கு இது நான் சொல்லாமலே புரியும். நான் அஞ்சாவதோட நின்னவள். புது ஆளைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கும். எனக்குப் போய் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைத்தெருவைக் கொடுத்தாங்க. மக்குற குப்பை பச்சைக் கூடையில, மக்காதது நீலக் கூடையில. கலந்து கொடுத்தால் வாங்கக் கூடாது.

தெரு போயிடும்

அந்தத் தெரு முனையிலதான் என் பொண்ணு போற அங்கன்வாடி. என் பேட்டரி வண்டி சத்தம் கேட்டால் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கை ஆட்டும். மதியம் நானே கூட்டிட்டுப் போயிடலாம். வேற யாரும் இல்லை எங்களுக்கு, வீட்டுக்காரர் திருமழிசை கம்பெனியில ஷிப்ட்.

ஒரு நாள் சூப்பர்வைசர் அக்கா வண்டியை எட்டிப் பார்த்தாங்க. பச்சையில பிளாஸ்டிக், நீலத்துல சோறு. கார்ப்பரேஷன்ல இருந்து பெரிய மேடம் அடுத்த வாரம் பார்வைக்கு வராங்களாம். அன்னைக்கும் இப்படி இருந்தால் தெருவை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு என்னை ஊர்க்கோடி ஷெட்டுக்குக் குப்பை பிரிக்க அனுப்பிடுவாங்களாம். அங்க இருந்து மதியம் வர முடியாது. நான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அக்காவுக்கு அதுக்கே கோபம் வந்துடுச்சு. "இன்னா, நான் செவுத்தாண்டயா பேசிக்கினு கீறேன்?"

டிபன் கடையில

டிபன் கடை அக்காவுக்கு ரெண்டு கூடையும் முன்னாடியே கொடுத்தாச்சு. ஆனா தினமும் எல்லாம் ஒரே சாக்கு மூட்டையிலதான் வரும். ஒரு நாள் தைரியத்தைக் கூட்டிக்கிட்டு, "கூடை எங்கக்கா?"ன்னு கேட்டேன். உள்ளே வந்து பாருன்னாங்க. போனேன். கூடை ரெண்டும் கழுவித் துடைச்சு, பளபளன்னு சமையல் மேடைக்குக் கீழே இருந்துச்சு. குப்பை போட்டால் அழுக்காயிடுமாம். நான் கூடையையும் பார்த்தேன், அக்காவையும் பார்த்தேன். அவங்க இடுப்புல கை வெச்சுக்கிட்டு சொன்னாங்க: "இன்னாத்துக்கு முறைக்கிற? தரம் பிரிச்சுத்தானே வெச்சுக்கீறேன்! வெங்காயம் பச்சையில, உருளக்கெழங்கு நீலத்துல."

சால்னா பாக்கெட்

பிரியாணிக் கடை பாய் காலையிலேயே சால்னாவையும் தயிர் வெங்காயத்தையும் சின்னச் சின்ன கவர்ல ஊத்தி, நூல் சுத்திக் கட்டி வெச்சிடுவார். மிச்சமானது அப்படியே கட்டோட பச்சைக் கூடைக்கு வந்துடும். ஷெட்டுல பிரிக்கிறவங்க கையில அது வெடிச்சால் என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அவிழ்த்து ஊத்திட்டு கவரைத் தனியா கொடுங்க பாய்னு ஒரு வழியா சொல்லிட்டேன். "கட்டுறதுக்கு ஒரு ஆளு, அவுக்குறதுக்கு ஒரு ஆளா? போம்மா"ன்னார்.

போறதுக்கு எனக்கு பயம். கலந்த கூடையை வாங்கினால் தெரு போயிடும், வாங்காமல் போனால் கூடை ரோட்டுல கவிழும். மேலே பேசவும் வாய் வரலை. அதனால கல்லாவுக்கு எதிரே அந்தக் கூடையோட நின்னேன். மதியக் கூட்டம் வந்துடுச்சு. பார்சல் வாங்க வந்தவங்க கூடையையும் என்னையும் பார்த்து மூக்கை மூடிக்கிட்டு ஒதுங்கினாங்க. கடைசியில பாயே கத்திரிக்கோலை எடுத்தார். மறுநாள்ல இருந்து ஆர்டர் வந்தப்புறம்தான் சால்னா கட்டுறார். அன்னைக்கு அவர் ஒவ்வொரு கவரா வெட்டிக்கிட்டே புலம்பினது: "திட்டுனாலாவது பதிலுக்குத் திட்டலாம். பேசாம நிக்கிறியே கண்ணு, அத்தத்தான் தாங்க முடில!"

திருஷ்டி எந்தக் கூடை?

ஹார்டுவேர் கடை அண்ணன் அமாவாசைக்கு அமாவாசை வாசல்ல எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், கரித்துண்டு கோத்துக் கட்டுவார். கடையில கம்பிக்குப் பஞ்சமா? நல்ல தடிமனான கம்பியிலதான் கோப்பார். பழசை நடுரோட்டுல வீசிடுவார். கூடையில போட்டால் திருஷ்டி திரும்பக் கடைக்குள்ளேயே தங்கிடுமாம். ரோட்டுல கிடந்தாலும் என் கணக்குலதான் வரும்.

எனக்கும் அதைத் தொட பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். கையுறையை மாட்டிக்கிட்டு, எங்க குலசாமியைக் கும்பிட்டுட்டு, பழத்தையும் மிளகாயையும் உருவி பச்சையில போட்டேன். கம்பியை நீலத்துல போட்டேன். கரியை எதுல போடுறதுன்னு தெரியலை. கையில வெச்சுக்கிட்டு அவரையே பார்த்தேன். அவர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துட்டார். "திருஷ்டியக்கூட தரம் பிரிக்கிறியேம்மா, நீ நல்லா இருப்பே. அடுத்த மாசம் நூல்லயே கோத்துடறேன்."

மேடம் வந்தாங்க

அன்னைக்குக் காலையில அங்கன்வாடி ஜன்னலை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுடுவேன்னு பயம். மேடம் குச்சியால பச்சைக் கூடையைக் கிளறினாங்க. சோறு, இலை, எலும்பு, வெங்காயத் தோல். நீலத்தைக் கிளறினாங்க. கவர், அட்டை, பாட்டில். ஒவ்வொரு கடையா ஏறிப் பார்த்தாங்க. பாய் கடைக்கு அப்புறம் டிபன் கடை வாசல்லயும் நான் அதே மாதிரி நின்னதுல, அங்க வெங்காயம் சாக்குக்கு மாறி, கூடை ரெண்டும் குப்பைக்கு வந்திருந்துச்சு.

"இவங்களுக்கெல்லாம் யார் சொல்லிப் புரிய வெச்சது?"ன்னு மேடம் கேட்டாங்க. சூப்பர்வைசர் அக்கா என்னைக் காட்டினாங்க. "எப்படிம்மா சொன்னே?"ன்னு மேடம் என் பக்கம் திரும்பினாங்க. முந்தானை நுனியைத் திருகிக்கிட்டு நின்னேன். அக்கா பல்லைக் கடிச்சாங்க. தெரு கை நழுவுதுன்னு எனக்கே தெரிஞ்சது. அப்போ டிபன் கடை அக்கா கரண்டியோட வெளியே வந்தாங்க. "அது பேசாது மேடம். கலந்து குடுத்தா வாங்கவும் வாங்காது, போகவும் போகாது. யாவாரம் நடக்கணுமே, அதான் நாங்களே பிரிச்சுடறோம். இத்த மாத்தி வாயாடி யாரையாவது போட்டுடாதீங்க, நாங்க பழையபடி ஏமாத்திடுவோம்!"

மேடம் சிரிச்சுக்கிட்டே தெருவை எனக்கே விட்டுட்டாங்க, மெச்சி பக்கத்துத் தெருவையும் சேர்த்துக் கொடுத்தாங்க. எங்க தொழில்ல நல்ல பேர் எடுத்தால் கிடைக்கிற பரிசு, இன்னும் கொஞ்சம் குப்பை.