தண்ணீர் ஊற்றிய அக்கா

கல்லூரி சேவை முகாமில் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு ரோடு போட்டோம். தீக்குச்சி மருந்து படிந்த விரல்களோடு ஓர் அக்கா தினமும் குடத்துத் தண்ணீரை முந்தானையில் வடிகட்டி எங்கள் கைகளில் ஊற்றுவார்.

கடைசி நாள் கேட்டார்: “இனி தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு ஆள் ஏத்துற வண்டி ஊருக்குள்ளயே வந்துரும்ல தம்பி?”

“வந்துரும்க்கா. நீங்க நடக்க வேண்டாம்,” என்றேன் பெருமையாக.

“நான் நடந்துருவேன்யா. அம்புட்டுத் தூரம் புள்ள நடக்காதுன்னு சொல்லித்தான் எம் மவளைப் பள்ளிக்கூடம் அனுப்புறேன். வண்டி வந்துட்டா, அவளையும் ஏத்திவிடும்பாக அவுக அப்பா.”

சொல்லிவிட்டு அடுத்தவன் கையில் ஊற்றப் போனார். மண்வெட்டிக் கொப்புளம் உடைந்த என் கையில் தண்ணீர் எரிந்தது.

அந்த ரோடு யாரை ஏற்றிப் போகும் என்று தெரிந்தேதான் தினமும் எங்களுக்குக் குடம் சுமந்திருக்கிறார். ஏன் என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.