தூணடியில் நின்ற மனுசி

அந்தப் புத்தகத்தின் நடுவில் முழுப்பக்கப் படம் ஒன்று இருக்கிறது. உயர்வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகம் படித்தபோது கல்லூரி நூலகத்தில் எடுத்த புத்தகம். கலவரங்களுக்கிடையில் திருப்பிக் கொடுக்காமல் என்னோடு தங்கிவிட்டது. இருநூறு வருடங்களுக்கு முன் கிரேக்கத்துக்குக் கப்பலேறிப் போன ஒரு பயணி படமாகக் கீறிய பாழடைந்த கோயில். உடைந்த தூண்கள், மேயும் ஆடுகள், தூணடியில் குடத்தோடு நகமளவு ஒரு பெண். அதை முதன்முதலாகப் பார்த்த மாமி, தூண்களை விட்டுவிட்டு அவளைத் தொட்டுக் கேட்டார்: “உவள் ஆர் மோனை?”

“அது ஒருத்தரும் இல்லை மாமி. தூண் எவ்வளவு உயரமெண்டு காட்டக் கீறினது.”

“பாவம். குடத்தோடை எவ்வளவு நேரம் நிண்டாளோ.”

மாமி, அப்பாவின் தங்கை. மாமா கடலில் தவறிய பிறகு கிழிந்த வலை பொத்திச் சீவித்தவர். எங்கள் ஆட்களில் முதன்முதலாக உயர்வகுப்புக்குப் போனவன் நான் என்பதை மீன்சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

குண்டு விழுந்து எங்கள் மாதா கோயில் இடிந்தபோது அருகிலிருந்த மாமியின் வீடும் போயிற்று. கோயில் வளவிலேயே, மிஞ்சி நின்ற இரண்டு தூண்களை ஒட்டி, எரிந்த தகரத்தாலும் பழைய தென்னோலைக் கிடுகாலும் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார். மாரிக்கு முன் கூரைக்குப் புதுக்கிடுகு கொடுக்க ஒரு நிவாரணக் குழு வந்தது. இடிந்ததையும் அங்கே குடியிருப்பவர்களையும் காட்டப் படம் வேண்டும் என்றார்கள். படச்சுருள் யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடை. கமராக்கள் பெட்டிக்குள் கிடந்தன. மாதா கோயில் சுவாமியார், நான் படம் கீறுவேன் என்று தெரிந்து என்னைக் கூப்பிட்டு, “நீர் கீறும்” என்றார்.

மாமியைத் தூணடியில் நிற்கச் சொன்னேன். பெட்டியடியில் இருந்த ஒரே நல்ல சேலையை உடுத்து, தலைவாரி வந்து நின்றார். வெயில் ஏறஏற நின்றார். “கொட்டிலையும் வடிவாக் கீறு மோனை. கல்லு நனைஞ்சால் ஒண்டுமில்லை, நான் நனைஞ்சால் இருமுவன்” என்றார். ஓம் ஓம் என்றேன்.

நான் அதைக் கீறவில்லை. தூணின் அடியைக் கொட்டில் மறைத்தது. புத்தகத்துப் படத்தின் கீழே ஒரு குறிப்பு இருந்தது: கோயில் முற்றத்திலிருந்த மண்வீடுகளை, தூண்கள் தெரியவேண்டும் என்பதற்காக அந்தப் பயணி விட்டுவிட்டான் என்று. அதைத் தவறு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கலை என்றே படித்திருந்தேன். கொட்டில் இருந்த இடத்தில் புல் கீறினேன். ஊரில் இல்லாத ஆடொன்றையும் மேயவிட்டேன்.

மாமி பார்த்தார். “என்னை எறும்பாக்கிப் போட்டாய். உந்த ஆடு ஆற்றை? என்ரை கொட்டிலைத் திண்டதும் உதுதானோ?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருத்தியிருக்கலாம். அன்று பின்னேரம் முழுக்க நேரமிருந்தது. ஆனால் சுவாமியார் “அற்புதம்” என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிடுகுப் பட்டியலில் மாமியின் பெயர் இல்லை. குழுவின் கந்தோருக்கு ஓடினேன். அங்கிருந்தவர் என் படத்தையே எடுத்து மேசையில் வைத்தார்.

“தம்பி, நீர்தானே கீறினது? இதிலை வீடு எங்கை?”

“தூணுக்குப் பக்கத்திலை, ஐயா. நான்தான் விட்டுட்டன்.”

“அப்ப உந்த நிக்கிற மனுசி ஆர்?”

“உயரம் காட்ட…” என்றேன். கிடுகெல்லாம் வண்டிலேறிப் போய்விட்டது என்றார் அவர்.

முதல் மழைக்கே கொட்டில் ஒழுகியது. மூன்றாம் நாள் மாமி சாவகச்சேரியிலுள்ள உறவினர் வீட்டுக்குத் தட்டிவான் வண்டியில் ஏறினார். ஏன் போகிறாய் என்று கேட்ட அயல்வீட்டுக்காரியிடம், “என்ரை மருமோன் வடிவாத்தான் கீறினவன்” என்று மட்டும் சொன்னார். அந்த மாரியிலேயே சளி நெஞ்சில் இறங்கி அங்கேயே முடிந்துபோனார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் படம் இப்போது சுவாமியாரின் விறாந்தையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் ஆட்டைப் புகழ்கிறார்கள். நான் வீட்டில் அந்தப் புத்தகத்தைத் திறந்து, குடத்தோடு நிற்கிறவளுக்குப் பின்னால் பார்க்கிறேன். தண்ணீரை எந்த வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்பதற்கு ஒரு கோடும் இல்லை. தூணடி நெடுகப் புல். ஒவ்வொரு புல்லும் மிகவும் கவனமாகக் கீறப்பட்டிருக்கிறது. அந்தப் புல்லை எனக்குத் தெரியும்.