மேட்டில் ஏரி தேடிய நாள்

போன வாரம் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில், புதிதாகச் சேர்ந்த பெண் இன்ஜினியர் ஒருத்தி ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து மேசை மேசையாக நீட்டிக்கொண்டே வந்தாள். ஊட்டி வர்க்கி, அடுக்கடுக்காக மொறுமொறுக்கும் ரொட்டி. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வழக்கமாக மூச்சிழுப்பது இரும்புத்தூளும் ஏதோ ரசாயனமும் கலந்த காற்று. அதன் நடுவே, லேசாகத் தீய்ந்த மாவின் வாசனை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“சார், நீங்க ஊட்டி போயிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டவன். அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் தலையாட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு இதே வட்டாரத்தில் ஒரு ரோலிங் மில்லில் சேர்ந்திருந்தேன். இரும்புக் கட்டைகளை உலையில் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக நீட்டும் இடம். உலையைப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை அண்ணன். பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற குடும்பம். மீன்பாடு குறைந்துபோன காலத்தில் வலையை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு மில்லுக்கு வந்தவர். பெயரில் ஏழு மலை இருந்ததே தவிர, வாழ்க்கையில் ஒரு மலையும் ஏறியதில்லை. திருப்பதிக்குக்கூட ஒவ்வொரு வருடமும் கிளம்புவார். ஏதாவது ஒன்று வந்து தடுத்துவிடும். பெருமாளுக்கே தன் பெயர்மீது பொறாமை என்று சொல்வார்.

நானோ ஆர்.கே.பேட்டைப் பக்கம். நெல் விளைகிற பூமி என்றாலும் எங்கள் வயல்களைச் சுற்றிக் குன்றுகள் உண்டு. அந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு, கடற்கரைக்காரர்கள் நிறைந்த அந்த மில்லில் என்னை நானே மலைக்காரனாக நியமித்துக்கொண்டேன். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பேச்சு ஊட்டி பக்கம் போனது. கல்லூரிச் சுற்றுலாவில் அங்கே போய்வந்ததாகச் சொன்னேன். படகுத்துறை எந்தப் பக்கம், மிளகாய் பஜ்ஜி எந்த முனையில் சூடாகக் கிடைக்கும், காலையில் பேசினால் வாயிலிருந்து எப்படிப் புகை வரும் என்று ஒன்றையும் விடாமல் விவரித்தேன்.

இதில் சின்னச் சிக்கல் ஒன்று உண்டு. அந்தச் சுற்றுலாவுக்கு நான் பெயர் கொடுத்திருந்தது உண்மை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். திரும்பி வந்த நண்பர்கள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லி வெறுப்பேற்றியதைத்தான் நான் கேன்டீனில் என் அனுபவமாக எடுத்துவிட்டேன்.

அந்த ஆடி மாதம் உலைக்கு உள்பக்கம் புதுச் செங்கல் பதிப்பதற்காக மில்லை நான்கு நாள் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள், புதன்கிழமை காலையில்தான் ஏழுமலை அண்ணன் என்னைத் தேடி வந்தார். பின்னால் அவர் மனைவி தேசம்மா அக்கா.

“தம்பி, உங்க அக்கா குளுரப் பாக்கணும்ன்னுது. எனக்கு வழி கிழி தெரியாது. நீதான் போயிட்டு வந்தவனாச்சே, இட்டுகினு போ” என்றார்.

குளிரைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தர் ஆசைப்பட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். ஆனால் அக்காவுக்கு அதில் நியாயம் இருந்தது. தினமும் உலைச்சூட்டை உடம்பில் ஏற்றிக்கொண்டு ஒரு மனிதர் வீட்டுக்கு வந்தால், ஓட்டு வீட்டில் அவர் பக்கத்தில் உட்காரவே முடியாதாம். “இவுரு ஒரு நாளாவது நடுங்கணும் தம்பி. அத நான் பாக்கணும்” என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வாய் “அதுக்கென்னக்கா, போலாம்” என்றது.

நிபந்தனை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலை உலையைத் திரும்பப் பற்றவைக்கும்போது ஏழுமலை அண்ணன் இருந்தே ஆகவேண்டும். புதுச் செங்கல்லுக்குச் சூட்டை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அந்தப் பக்குவம் அவர் கைக்குத்தான் தெரியும். வரவில்லை என்றால் வேலைக்கே ஆபத்து என்று மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார். எனவே ஊட்டியில் எங்களுக்கு ஒரே ஒரு பகல். வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்குகிற பஸ்ஸைப் பிடித்தால்தான் ரயிலைப் பிடிக்க முடியும்.

அன்று ராத்திரியே ரயில் ஏறினோம். மேட்டுப்பாளையத்தில் விடிந்தது. அண்ணன் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, ஊட்டி பஸ் எங்கே நிற்கும் என்று வாழைப்பழம் விற்பவரிடம் நைஸாக விசாரித்துக்கொண்டேன். மலை ஏறத் தொடங்கியதும் அடுத்த சோதனை வந்தது. பழகிப்போன மலைக்காரனாகிய நான் நான்காவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். அண்ணனும் அக்காவும் படகு ஆட்டம் பழகியவர்கள். தொட்டிலில் உட்கார்ந்ததுபோல் நிம்மதியாக இருந்தார்கள்.

“இன்னா தம்பி, போன தபாவும் இப்பிடித்தானா?” என்று கேட்டு அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

“ஆமாக்கா. எனக்கு ஊட்டின்னாலே இப்படித்தான்” என்றேன். ஒருவகையில் அதுவும் உண்மைதான்.

ஊட்டியில் இறங்கியபோது சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஏழுமலை அண்ணன் பஸ் படியிலேயே நின்றுவிட்டார். வாயைத் திறந்து ஒருமுறை ஊதினார். புகை வந்தது. மறுபடி ஊதினார். பின்னால் இறங்க நின்றவர்கள் திட்டும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.

“ஏரிக்குப் போலாம்” என்று நான் முன்னால் நடந்தேன். பஸ் நிலையத்திலிருந்து படகுத்துறை கூப்பிடு தூரம் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு, மிக அகலமாகவும் கம்பீரமாகவும் தெரிந்த ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்தேன். அது மேலே போனது. நாங்களும் போனோம். கடைகள் முடிந்து வீடுகள் வந்தன. வீடுகள் முடிந்து கேரட் வயல்கள் வந்தன. சாலை குறுகி மண்பாதையாகிவிட்டது.

அண்ணன் நின்றார். “தம்பி, எனக்கு ஊட்டி தெரியாது. ஆனா ஏரி தெரியும். தண்ணி பள்ளத்துலதான் நிக்கும். நீ இன்னாத்துக்கு மேட்டுக்கு இட்டுகினு போற?”

“இது குறுக்கு வழிண்ணா.”

“ஏறி எறங்கறது எப்பிடிப்பா குறுக்கு வழி?” என்றார். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். குளிருக்காக என்று நினைத்தேன்.

நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. எதிரே இருந்த மரங்களைக் காணோம். சற்றுப் பொறுத்து என் செருப்பையும் காணோம். பதற்றத்தில் இரண்டடி பக்கவாட்டில் வைத்தேன். கால் காற்றில் போனது. ஈர மண்ணில் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு போய் ஒரு புதரில் நின்றேன். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. கணுக்கால் பிசகி, வலி உயிர் போயிற்று.

“அசையாத. அப்பிடியே குந்திகினு இரு” என்று அண்ணன் குரல் மட்டும் மேலிருந்து வந்தது. பயமில்லாத குரல். துண்டை முறுக்கி ஒரு முனையை அக்கா கையில் கொடுத்துவிட்டு மறுமுனையைப் பிடித்து இறங்கி வந்தார். என் கையைப் பிடித்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர்தான்.

மூன்று பேரும் பாதையில் உட்கார்ந்தோம். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கால் வீங்க ஆரம்பித்தது. உலையும் மேனேஜரும் ஐந்து மணி பஸ்ஸும் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

“மார்கழி மாசம் எங்க ஏரியில இத்த வுடப் பனி எறங்கும்” என்றார் அண்ணன். “அப்ப ஒரு படகுலருந்து இன்னொரு படகுக்குக் கூவிக்கினே இருப்போம். யாராவது திருப்பிக் கூவுவாங்க.” இரண்டு கையையும் வாய்க்கு வைத்து, நீளமாக ஒரு ‘ஓ...ய்’ போட்டார். மூன்றாவது கூவலுக்கு, எங்களுக்கு வெகு அருகில் ஒரு பெண் குரல் சலிப்போடு கேட்டது. “யாரது, ஏன் கத்தறீங்க?”

பத்தடி தள்ளி ஒரு வீடு இருந்திருக்கிறது. கேரட் வயல்காரர் வீடு. தலையில் வெள்ளைத் துணி கட்டிய அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு அடுப்பருகே உட்காரவைத்தார். என் காலில் ஏதோ எண்ணெய் தேய்த்தார். பிறகு ஆவி பறக்கும் உருண்டைகளைத் தட்டில் வைத்து, பச்சை அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார்.

அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். “மே, இது கேவுரு களி.”

அவர் வீட்டில் வாரம் நான்கு நாள் அதுதான். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, மலையேறி, வழி தவறி, அவர் சாப்பிட்டது அதே கேழ்வரகுக் களி. அக்கா பையிலிருந்து தான் கொண்டுவந்த இறால் தொக்கை எடுத்து வைத்தார். அந்த அம்மா அதைத் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணில் நீர் வந்தும் இன்னொரு முறை தொட்டுக்கொண்டார். இரண்டு பெண்களும் இறாலில் தொடங்கி, அவரைக்குப் போய், கணவர்களில் வந்து நின்றார்கள். அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்க அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தானாக நெருப்பைத் தேடிப் போனதை அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்குப் பனி விலகியது. வாசலில் நின்ற அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கீழே, ஊருக்கு நடுவில், கை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது.

“அதுவா ஏரி?”

“அதாண்ணா.”

கடல்போல் விரிந்த பழவேற்காட்டில் பிறந்தவர் அதைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்தார். “இத்தினூண்டு தண்ணிக்கா டிக்கெட்டு வாங்குறானுங்க? நீ மேல இட்டாந்ததே நல்லதாப் போச்சு. இங்கருந்து முழுசும் தெரியுது.”

அந்த அம்மா மடி நிறையக் கேரட்டைத் தழையோடு கொடுத்தனுப்பினார். நான் அக்காவின் தோளைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு இறங்கினேன். அண்ணன் முன்னால் கேரட் கடித்துக்கொண்டே போனார். அவர் சற்றுத் தள்ளிப் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, நீ இங்க வந்ததே இல்ல, இல்ல?”

தலைகுனிந்தேன்.

“மேட்டுப்பாளயத்துல வாழப்பழக்காரன்கிட்ட வழி கேட்டியே, அப்பவே தெரியும்.”

“ஏன்க்கா அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா அவரு அங்கயே திரும்பியிருப்பாரு. பன்னெண்டு வருசமா ஒரு எடம் இட்டுகினு போன்னு கேக்கறேன். வழி தெரியாதுன்னு ஒரே பேச்சு. உலை முன்னால நிக்க பயம் இல்ல. தெரியாத ஊர்ல போயி நின்னா பயம்.” முன்னால் போகிற அண்ணனைப் பார்த்துக்கொண்டே, “நீ இப்ப நல்லவனாட்டம் போயி எதையும் சொல்லி வெக்காத” என்றார்.

ஐந்து மணி பஸ் கிடைத்தது. ஏறுவதற்கு முன் வர்க்கி ஒரு பொட்டலமும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கினோம். மறுநாள் காலை ஏழுமலை அண்ணன் நேரே மில்லுக்குப் போய் உலையைப் பற்றவைத்தார். பிறகு மில் முழுக்க ஒரு செய்தியைப் பரப்பினார்: தம்பிக்கு ஊட்டியில் சந்துபொந்தெல்லாம் தெரியும், வெளியூர்க்காரன் எவனும் போகாத இடத்துக்குக் கூட்டிப்போவான். அந்த மாதத்துக்குள் இரண்டு குடும்பங்கள் என்னை வழிகாட்டியாகக் கேட்டு வந்தன. வேறு வழியில்லாமல், யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய் ஊட்டியை மனப்பாடம் செய்துவிட்டு வந்தேன். அப்போதும் வாந்தி எடுத்தேன்.

போன மே மாதம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு காரில் போனேன். இப்போது அதற்கு முன்கூட்டி இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. போன் சொன்ன இடத்தில் திரும்பினோம், படகுத்துறை வந்தது. மறுபடி திரும்பினோம், பூங்கா வந்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அந்த மேட்டுச் சாலையில் வண்டியை ஏற்றிப் பார்த்தேன். கேரட் வயல்கள் இருந்த சரிவில் வரிசையாகக் காட்டேஜ்கள். காவலாளி புக்கிங் இருக்கிறதா என்று கேட்டார். முன்பு இங்கே ஒரு அம்மா இருந்தாரே என்றேன். தான் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றார்.

மில்லும் இல்லை. அந்த இடத்தில் ஆன்லைன் பொட்டலங்களை அடுக்கும் பெரிய கிடங்கு ஒன்று நிற்கிறது. ஏழுமலை அண்ணனும் அக்காவும் பொன்னேரியில் மகனோடு இருக்கிறார்கள். எப்போதாவது போனில் பேசுவேன். அக்கா சொன்னதை இன்றுவரை மீறவில்லை. இப்போது நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆட்கள் ஒப்பந்தத்தில் வருகிறார்கள், சில மாதத்தில் போய்விடுகிறார்கள். பக்கத்து மெஷினில் நிற்பவர் எந்த ஊர், அவர் வீட்டில் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. ஒருவன் கேன்டீனில் அளந்துவிட்டதை நம்பி, மனைவியையும் இறால் தொக்கையும் கூட்டிக்கொண்டு அவன் பின்னால் ரயிலேறுகிற ஆள் ஒருவரையும் இந்தப் பக்கம் நான் பார்த்து ரொம்ப வருடமாகிறது.